இடப்பக்கத்தின் கடைசி இடம்

எங்கள் நெதர்கோம் கிராமத்தில் முன்னூறு வருடங்களாகச் சவப்பெட்டிகளைப் பக்கத்துக்கு மூன்று பேராகத் தோளில் சுமந்து தேவாலயத்துக்குப் போன பாதை, இப்போது எஸ்டேட்டின் வயல் நடுவே கிடக்கிறது. எஸ்டேட்காரர்கள் அதைச் சனிக்கிழமைதோறும் உழுதுவிடுவார்கள். ஞாயிறு காலை நாங்கள் கூடி மிதித்து மறுபடியும் பாதையாக்குவோம். ஒரு ஞாயிறு தவறினாலும் வேலி போட்டுவிட மேனேஜர் பார்ஜிட்டர் காத்திருந்தார்.

அந்த ஞாயிறு ஊரே காய்ச்சலில் படுத்துவிட்டது. டல்சி ஹேகெட் மட்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். வயலோரத்தில் பார்ஜிட்டர் வழிமறித்து நின்றிருந்தார்.

"என்ன மிஸஸ் ஹேகெட், உங்க பட்டாளத்தைக் காணோம்?"

"ஒருத்தி நடந்தாலும் பாதை பாதைதான். தள்ளுங்க."

"அப்போ இது யாரு வேலை?"

அவர் காட்டிய இடத்திலிருந்து தேவாலயம்வரை, உழுத ஈரமண்ணில், அந்தக் காலத்து ஆணி அடித்த பூட்ஸ்களின் சுவடுகள் போயிருந்தன. வலப்பக்கம் மூன்று பேர், இடப்பக்கம் இரண்டு பேர். எல்லாமே கணுக்கால் ஆழம்.

"எங்க ஊர்க்காரங்க வேலைதான்," என்றாள் டல்சி.

இடப்பக்கத்தில் பின்னால் ஓர் ஆளுக்கு இடம் காலியாக இருந்தது. அவள் அங்கே போய் நின்று, வலது தோளைக் கொடுத்து நடக்கத் தொடங்கினாள். நாற்பது கிலோகூடத் தேறாத அவளுடைய பூட்ஸும் கணுக்கால்வரை புதைவதைப் பார்ஜிட்டர் பார்த்துக்கொண்டு நின்றார்.