அத்தைக்கு அவசரம்

"டிரைவர் தம்பி, நிறுத்துப்பா! அவசரம்!"

மாமியார் போட்ட சத்தத்தில் கல்யாணத்துக்குப் போகிற வேன் பெட்ரோல் பங்க் ஓரமாகக் குலுங்கி நின்றது. இப்போதுதான் ஒரு ஓட்டல் வாசலில் இதே கூத்து முடிந்திருந்தது.

"மறுபடியுமா அண்ணி?" அவளுடைய கொழுந்தனாருக்குப் பசி வேறு. "இப்படி நின்னு நின்னு போனா, நாம போய்ச் சேர்றதுக்குள்ள கல்யாணப் பொண்ணுக்குப் பேரனே பொறந்துடுவான்!"

வேன் மொத்தமும் சிரித்தது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! மூத்திரப்பையில உள்தோல் வீங்கிக் கிடக்காம். டாக்டரம்மா சொன்னாங்க. அப்படி வீங்கிட்டா அங்க இருக்கிற நரம்புக்குக் கிறுக்குப் பிடிச்சுடுமாம். அரை டம்ளர் சேர்ந்தாலே, 'ஐயோ, நிறைஞ்சு வழியுது'ன்னு மூளைக்குப் போன் போட்டுடுமாம். தகவல்தான் பொய்யாம், வலி நெஜமாம்! அடக்கவும் கூடாதாம்!"

"உங்க மூத்திரப்பையும் உங்களை மாதிரிதான் அண்ணி. ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டுது!"

டிரைவரே ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சிரித்தார்.

மாமியார் அதற்கெல்லாம் அசருகிற ஆளா? ஜன்னலோரம் சுருண்டு கிடந்த புது மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிடி, துணைக்கு வா!"

மகளுக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, அண்ணியே மூஞ்சி வெளுத்துப் போய் உக்காந்திருக்காங்க. அண்ணன் மண்டபத்துக்கு முன்னாடியே போயிட்டான்னு இவங்களை இந்தப் பாடு படுத்தறியே!"

"பின்னே? என் கைப்பையை யார் பிடிப்பா? மருமக எதுக்கு இருக்கா?"

"நல்ல மாமியார் வாய்ச்சாங்க போ!" என்று பின் சீட்டில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"அண்ணி, இதான் கடைசி! இன்னொரு தடவை நிறுத்தினா நான் இறங்கி நடந்தே போயிடுவேன்!" என்றார் கொழுந்தனார்.

"போங்களேன், தொப்பையாவது குறையும்!"

பங்குக்குப் பின்னால் கழிவறைக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே, தோளுக்கு ஒன்றாக இரண்டு கைப்பைகளையும் மாட்டிக்கொண்டு காவல் நின்றாள் மாமியார்.

கதவு திறந்தது. மருமகள் கண் கலங்கி வந்தாள்.

"ரொம்ப எரியுது அத்தை. நாலு சொட்டுதான் வருது. எல்லாரும் உங்களைப் போட்டு வாட்டறாங்களே, எனக்குக் கஷ்டமா இருக்கு. எனக்குத்தான்னு சொல்லிடறேனே!"

"சொல்லித்தான் பாரேன்! டாக்டரம்மாகிட்ட சொல்றதுக்கே வெக்கத்துல பாதி செத்தவ, அந்த வானரக் கூட்டத்துகிட்ட சொல்லப் போறாளாம்! மாத்திரை வேலை செய்யற வரைக்கும் பேசாம இரு. முகத்தைத் துடைச்சுக்க. இந்தா, என் பையைப் பிடி. வண்டில ஏறினதும் வலி எனக்குத்தான், மறந்துடாதே!"