மில்லிகன் செத்த மத்தியானம்

இரண்டே பக்கம் படித்தார் கிருஷ்ணப்பன். மூன்றாவதைப் புரட்டாமலே என் நாவலை மேஜைமேல் போட்டார்.

"மில்லிகனோட பன்னெண்டு புக்கை தமிழ்ல எழுதிக்கீறே. அவன் எழுத்து கொஞ்சமாச்சும் ஒட்டுச்சா உனுக்கு?"

இராயபுரம் கல்மண்டபத்தில் அச்சாபீஸ் வைத்து மாதம் ஒரு துப்பறியும் நாவல் போடுகிறவர். நாவலுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் வித்தியாசம் தெரியாது. தீர்ப்புச் சொல்கிற லட்சணத்தைப் பாருங்கள்.

ஜார்ஜ் மில்லிகன் என்றால் மட்டும் உருகிவிடுவார். அமெரிக்கன். பழைய குத்துச்சண்டைக்காரன், எட்டு வருஷம் ஜெயிலில் இருந்தவன், மூன்று பெண்டாட்டிக்காரன். இதெல்லாம் பின்னட்டையில் தவறாமல் வரும். டிராமில் ஏறினால் நாலு பேர் கையில் அவன் புத்தகம். அங்கே ஜெயிலுக்குப் போனவன் எழுத்தாளனாம். இங்கே நான் போயிருந்தால் இந்த ஆள் வாசற்படி ஏற விடுவாரா?

ஹார்பர் குமாஸ்தாவான நான் கப்பல்காரர்களிடம் புத்தகம் வாங்கி மொழிபெயர்த்துத் தருவதாக ஏற்பாடு. அட்டையில் அவன் பெயர் கொட்டை எழுத்தில். உள்ளே 'தமிழில்: இக்னேஷியஸ்' என்று எறும்பு அளவுக்கு நான். ஒரு தடவையாவது என் பெயர் அட்டையில் வர வேண்டும். அதற்காகத்தான் சொந்தமாக ஒன்று எழுதிக்கொண்டு போனேன்.

கிருஷ்ணப்பன் பாடமே நடத்தினார். தெற்குக் காற்று அடிக்கும் மாதத்தில் கடலில் தள்ளிய பிணம் வடக்கே போய்த்தான் ஒதுங்கும், அதை வைத்தே கொலைகாரனைப் பிடிக்க வைக்கிறான் மில்லிகன், அதுவல்லவா மூளை என்றார். இராயபுரத்தில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த எனக்கு அது தோன்றியதா என்றும் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மில்லிகன் எப்போது என்றார். அவன் மாரடைப்பில் செத்துவிட்டான், கப்பலில் வந்தவன் சொன்னான் என்றேன்.

மனிதர் கண் கலங்கிவிட்டது. மிஷினை நிறுத்தச் சொன்னார். சொந்தத் தம்பி செத்தபோதுகூட ஓடிய மிஷின். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, மில்லிகனின் வாழ்க்கையை உருக்கமாக எழுதித் தரச் சொன்னார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மில்லிகன் என்று ஒருத்தன் கிடையவே கிடையாது, கப்பல்காரனும் கிடையாது, வெள்ளைக்காரன் பெயர் இருந்தால்தான் நீங்கள் அச்சடிப்பீர்கள் என்று பன்னிரண்டையும் நானேதான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்.

கிருஷ்ணப்பன் கோபப்படவில்லை. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"செத்தவன் மேல பொறாமப்படாத, நைனா."