சிங்கக் குகையின் அட்மின்

ஊசி பிடிக்கும் விரலில் வீரம் தங்காது என்பது சிருஷ்டி விதி. இதை உலகுக்கு அறிவித்தவன், ஆண்கள் விடுதியில் வசிக்கும் ஞானதிரவியம். பைக் பிரியர்களின் ‘சிங்கக் குகை’ வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். பெண் பெயரில் யாராவது சேர்ந்தால், "ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி வீடியோ போடும்மா, பாப்போம்" என்பான். போட்டாலும் நீக்கிவிடுவான்.

நூல் பின்னும் பெண்களின் குழுவுக்குள் ‘ஜெபசெல்வி’ என்ற பெயரில் அவன் நுழைந்தது, கேலி செய்வதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கத்தான். அங்கேயும் ஒரு சட்டம் இருந்தது. ஆண்கள் புகுந்துவிடாமலிருக்க, சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குள் ஒவ்வொருத்தியும் தன் கை பின்னுவதை வீடியோ எடுத்துப் போட வேண்டும். கை முடியை மழித்துக்கொண்டு, முதல் வாரமே கற்றுக்கொண்டான்.

"விரலெல்லாம் காய்ச்சுப் போயிருக்கே கண்ணு, வீட்ல ரொம்ப வேலையா?" என்று ஓர் அக்கா கேட்டிருந்தாள்.

இன்று சனிக்கிழமை, மணி ஐந்து ஐம்பது. விடுதிக் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருக்கிறான். வெளியே கூட்டமாகக் கதவை இடிக்கிறார்கள்.

"மச்சான், ஊசிக்காரிங்களப் பத்தி நீ போட்ட மீம் செம! வெளிய வாடா, தூக்கிட்டுப் போறோம்!"

"வயிறு சரியில்லடா!"

தாழ்ப்பாள் ஆடுகிறது. அது விட்டுக்கொடுத்தால் குகையில் அவன் கதை முடிந்தது. ஸ்கிரீன்ஷாட்டெல்லாம் எடுத்து முடித்து இரண்டு மாதம் ஆகிறது. ஞானதிரவியம் ஃபோனைச் சோப்புப் பெட்டியில் சாய்த்து வைத்து, வீடியோவின் சத்தத்தை அணைத்துவிட்டு, விட்ட கண்ணியிலிருந்து மெதுவாகப் பின்னத் தொடங்குகிறான்.