ராசியான சட்டை

இன்டர்வியூவுக்கு வந்து உட்கார்ந்தவனைப் பார்த்ததும் கிளார்க்குக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆளைப் பார்த்து இல்லை, அவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்து.

அது கிளார்க்கின் சட்டை.

சந்தேகமே வேண்டாம். இளநீலக் கோடு. நாலாவது பட்டன் மட்டும் பச்சை நூலில் தைத்தது. வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்று அவர் மனைவி காட்டிய கைவண்ணம்.

அதுவும் சாதாரணச் சட்டையா என்ன? பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துதான் அவருக்கு இந்த வேலையே கிடைத்தது. தம்பி கந்தலோடு போய் நிற்கக் கூடாதென்று அக்கா பெரிய கடையில் வாங்கித் தந்த ராசியான சட்டை. இந்தக் கதையைக் கேட்காத ஆளே ஆபீஸில் கிடையாது. மேனேஜர் மட்டுமே நாற்பது தடவை கேட்டிருப்பார், பாவம். இப்போது தொப்பை இடம் கொடுப்பதில்லை. இருந்தாலும் முக்கியமான நாள் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளார்க் அதைத்தான் மாட்டுவார்.

சனிக்கிழமை சலவைக்குப் போட்டது, திங்கட்கிழமை எவன் உடம்பிலோ ஏறி எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்தில் மேனேஜர் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டார். வந்தவன் கோழிக்கடைக்காரரின் மருமகன். மூன்று வருஷமாக வேலை தேடி அலைகிறவன், மாமனார் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காமல் தவிக்கிறவன். கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னான். மேனேஜர் அவனையும் அவன் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், இவனுக்கே கொடுத்துவிடலாம், நாளைக்குக் காலையில் ஆர்டர் அடித்துவிடுங்கள் என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஆபீஸ் விட்டதும் கிளார்க் நேராகப் போய் நின்ற இடம் சலவைக்கடை. ஊருக்கே அந்த ஒரு கடைதான்.

சலவைக்காரர் எதையும் மறைக்கவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னார். அந்த மருமகனிடம் இருப்பதே ஒரு சட்டை, அதிலும் முதுகில் கிழிசல், மனசு கேட்காமல் தான்தான் எடுத்துக் கொடுத்ததாகவும், மத்தியானமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டான் என்றும் சொல்லி, கொடியில் தொங்கிய சட்டையைக் காட்டினார்.

அடுத்தவன் சட்டையைத் தூக்கிக் கொடுக்க நீ யார் என்று கிளார்க் குதித்தார். இனிமேல் ஒரு தலையணை உறைகூட இந்தக் கடைக்கு வராது, தெருத்தெருவாகச் சொல்லப்போகிறேன் என்றார்.

"அவனையும் சும்மா விடப்போறதில்ல. திருட்டுச் சட்டையில வந்தவன்னு நாளைக்குக் காலையில முதல் வேலையா மேனேஜர்கிட்ட சொல்றேன். அப்புறம் எங்கேர்ந்து ஆர்டர் வருதுன்னு பார்ப்போம்."

சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். "என்னை என்ன வேணாலும் சொல்லுங்க சார். அவன் வேலையில மட்டும் கை வைக்காதீங்க."

"வைக்கத்தான் போறேன்."

சலவைக்காரர் கொடியிலிருந்து சட்டையை எடுத்து, காலரைத் திருப்பிக் காட்டினார். துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மைக்குறி போடுவது அவர் வழக்கம். இந்தக் காலரில் இருந்தது பெருக்கல் குறி.

"உங்க வீட்டுக் குறி என்ன சார்?"

"ரெண்டு புள்ளி" என்ற கிளார்க், காலரை மறுபடி பார்த்தார். இத்தனை வருஷமாக அதைச் சலவைக்காரரின் கவனக்குறைவு என்றுதான் நினைத்திருந்தார்.

"சொல்ல மாட்டேன்னு உங்க அக்காவுக்கு வாக்கு கொடுத்திருந்தேன். உங்க இன்டர்வியூ அன்னைக்குக் காலையில இங்க வந்து நின்னு அழுதாங்க. தம்பிக்குப் போட்டுக்க ஒரு நல்ல சட்டை இல்லன்னாங்க. தேய்ச்சு வெச்சிருந்த வேற ஒருத்தர் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அந்தச் சட்டைக்காரரே வந்துட்டாரு. சரி, நம்ம பொழப்பு போச்சுன்னு நினைச்சேன். அவரு என்னடான்னா, அது அவன்கிட்டயே இருக்கட்டும், கேட்டு வாங்காதேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கிளார்க் காலரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "யாரு அவரு?"

சலவைக்காரர் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில யார்கிட்ட புகார் சொல்லப் போறீங்களோ, அவர்தான் சார்."