மண்ணெண்ணெய்ப் படலம்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கப்போவதாகச் சங்கு ஊதுகிறது. அரியலூரில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் கீதாஞ்சலி அவசரமாகக் கலக்கியை நிறுத்துகிறாள். கண்ணாடித் தொட்டியின் நடுத்தடுப்புக்கு இந்தப் பக்கம் முலாம் பட்டறையின் பச்சைக் கழிவுநீர், அந்தப் பக்கம் அமிலம். இரண்டின் மேலும் மிதக்கும், உலோகத்தைப் பிடிக்கும் மருந்து கலந்த மண்ணெண்ணெய்ப் படலம்தான் காலையிலிருந்து நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி அந்தப் பக்கம் கடத்துகிறது. அமிலத்தில் இப்போதுதான் இளம்பச்சை தெரிகிறது. ஒரு மடக்குக் கழிவுநீர் தடுப்பைத் தாண்டினாலும் எல்லாம் பாழ். "இன்னிக்கும் சரியா வரலன்னா மாசு வாரியத்துல பட்டறைக்குப் பூட்டு போட்டுருவாங்க மேடம்," என்கிறார் பட்டறைக்காரர் அரங்கநாதன். சுரங்கத்தை ஒட்டிய அவர் ஊரில் சங்கு கேட்டதும் ஓடிப்போய்க் கண்ணாடிச் சாமான்களைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் தொட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடிக்கிறார். "தொடாதீங்க!" என்று அவள் கத்துவதற்குள் தரை அதிர்கிறது. ஜன்னல்கள் கடகடக்கின்றன, அலமாரிக் குடுவைகள் ஒன்றோடொன்று உரசி அடங்குகின்றன. தொட்டியில் மட்டும் அலை அடங்கவில்லை. எண்ணெயின் மேல் விழுந்த வெயில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. "வெடிச்சு முடிஞ்சிருச்சுங்க. கைய எடுங்க," என்கிறாள். "எடுத்தா ஆடிருமேங்க," என்கிறார் அரங்கநாதன், நடுங்கும் விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டு.