முதல் நாள் மறதி

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து பெயரையும் நுழைவுத்தேர்வு ரேங்க்கையும் சொல்லச் சொன்னார் பேராசிரியர். ரேங்க்கைச் சொன்னால் யார் எந்தக் கோட்டாவில் வந்தவர் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். கடைசி பெஞ்சில் செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே மழைக்கு இருட்டியிருந்தது. பதினொன்று, நாற்பது, அறுபத்திரண்டு என்ற குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அவளுக்குக் கேட்டன. மூன்றாவது வரிசையில் எழுந்த ஜெசிந்தா என்ற பெண் ஒருமுறை பின்னால் திரும்பிச் செவ்வந்தியைப் பார்த்தாள்.

"ரேங்க் மறந்துபோச்சு சார்," என்றாள் ஜெசிந்தா.

"ரெண்டு மாசத்துலயா?"

"ஆமா சார். சுத்தமா மறந்துபோச்சு."

அடுத்தவனும் மறந்துவிட்டது என்றான். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். மறதி மூடுபனியைப் போலப் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து வந்தது. செவ்வந்திக்கு உடம்பு லேசாகி மிதப்பதுபோல் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்துவிடலாம். ஆனால் இரண்டு வருடம் படித்து வாங்கிய எண் அது. அவள் ஊரில் அந்த எண் அச்சான தாளை வீடு வீடாகக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு சார்," என்று எழுந்தாள். "நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் உட்காரவில்லை.