அங்க அடையாளம்

கணக்கு வாத்தியாரைக் கண்டதும் ஸ்டேஷன் ரைட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன் கிணற்றில் கொலையாகிக் கிடந்த பெயர் தெரியாத பெண் யாரென்று ஆராய்கிறேன் பேர்வழி என்று, எட்டு வருஷமாக உயிரை வாங்குகிற மனிதர்.

“மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. உங்க கிணத்துப் பொம்பள என்ன கட்டியிருந்தா?”

“பச்சைச் சேலை. ஓரத்துல மஞ்சக் கோடு.”

“அங்க அடையாளம்?”

“எடது கணுக்கால்ல தழும்பு. வலது காதுக்குக் கீழ மச்சம்.”

“யாரோ பெத்த பொண்ணு. தலைகீழ்ப் பாடமா ஒப்பிக்கிறீங்க.”

ரைட்டர் புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார்.

“இப்பச் சொல்லுங்க. நேத்து காலையிலேருந்து காணோம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, உங்க சம்சாரம், அவங்க என்ன கட்டியிருந்தாங்க?”



“சேலைதான்னு நெனைக்கிறேன்.”